ஹவுஸ் ஆஃப் தி டிராகன் முதல் எபிசோடு: அந்தப் பிரசவக் காட்சி அவ்வளவு தேவையா?

திண்ணைவாசி

கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டாவது சீசன் தந்த கடுப்பில், இனி அந்த உலகத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தவன் நான். ஆனால் அதன் முன்கதையான இந்தத் தொடர் 2022 ஆகஸ்ட் 22 காலையில் ஹாட்ஸ்டாரில் வந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழு முழுக்க இதே பேச்சு, தாங்க முடியாமல் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

பிடித்திருந்தது. முக்கியமாக விசேரிஸ் ராஜாவாக நடித்த பேடி கான்சிடைன். நல்ல மனுஷன், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷன். அரியணையில் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகில் ஒரு புண், அது ஆறவே மாட்டேன் என்கிறது, வைத்தியர் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். இந்த ஆள் ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே புரிந்துவிடுகிறது. ராஜாவின் தம்பி டேமனாக வரும் மேட் ஸ்மித்தும் அப்படித்தான், வில்லனா இல்லையா என்று முடிவு செய்யவே முடியவில்லை.

பிரச்சினை அந்தப் பிரசவக் காட்சி. வெளியே குதிரைப் போட்டியில் மண்டை உடைகிறது, உள்ளே ராணியின் வயிற்றைக் கிழிக்கிறார்கள், மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். போன வருஷம்தான் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி பாதியில் எழுந்து போய்விட்டாள், எனக்கும் பார்க்க முடியவில்லை. ராணி பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று ஒரு வசனத்தில் சொன்னால் போதாதா? இல்லை, கதைக்கு இது வேண்டுமா?

இன்னொன்று. கடைசியில் ராஜா தன் மகள் ரெய்னீராவிடம் சொல்லும் அந்தக் கனவு, வடக்கிலிருந்து இருள் வரும் என்பதெல்லாம். அது முடிந்த கதைதானே, நாம்தான் பார்த்துவிட்டோமே, அதை எதற்கு மறுபடி இழுக்கிறார்கள்?

புத்தகம் படித்தவர்களுக்கு ஒரு கும்பிடு. இனி வரப்போவதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கடுப்புசாமி

நீங்களாவது பிடித்திருந்தது என்கிறீர்கள். எனக்கு அதுவும் இல்லை.

2019-ல் கடைசி சீசனைத் திரும்ப எடுங்கள் என்று 15 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அதில் அடியேனும் ஒருவன். அந்தக் கோபம் என்ன ஆனது? முதல் நாளே அமெரிக்காவில் கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் பார்த்தார்கள் என்று தொடரை எடுத்த எச்பிஓ பெருமையாக அறிவிக்கிறது, ஐந்தே நாளில் இரண்டாம் சீசனுக்கும் சரி சொல்லியாகிவிட்டது. அப்படியானால் நாம் என்ன கத்தினாலும் கடைசியில் வந்து உட்காருவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோருக்கும் வெள்ளை விக், அதில் பாதி தலையில் ஒட்டாத விக். பழைய தொடரில் டிரியன் என்ற பாத்திரம் வாயைத் திறந்தால் ஒரு சிரிப்பு வரும், இதில் சிரிக்க வைக்க ஒரு ஆள் இல்லை, எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாரிசு வாரிசு என்கிறார்கள். பழைய தொடரின் முதல் எபிசோடு எப்படி முடிந்தது? ஒரு சின்னப் பையனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டார்கள், அடுத்த வாரம் வரை தூக்கம் வரவில்லை. இது எப்படி முடிகிறது? பிரபுக்கள் வரிசையாக வந்து மண்டியிட்டு சத்தியம் செய்கிறார்கள். பதவியேற்பு விழாவைத் தூர்தர்ஷனில் பார்த்த மாதிரி இருந்தது.

பிரசவக் காட்சி பற்றிக் கேட்டீர்கள். அது அதிர்ச்சிக்காக வைத்த காட்சி, வேறு ஒன்றும் இல்லை. பெண்ணுக்கு ஏதாவது கொடூரம் செய்தால் மறுநாள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்பது இவர்களுக்குப் பழகிப்போன வித்தை. இதோ நாமும் அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?

நூலகப்பூனை

புத்தகம் படித்தவள். வரப்போவதைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். இந்த எபிசோடுக்குள் இருப்பதை மட்டும் பேசுகிறேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018-ல் வெளியிட்ட ஃபயர் அண்ட் பிளட் நாவல் மாதிரியே இருக்காது. பல வருஷம் கழித்து ஒரு பண்டிதர் உட்கார்ந்து எழுதிய அரச வரலாறு மாதிரி இருக்கும். அவர் ஒரு மதகுருவின் குறிப்பு இப்படிச் சொல்கிறது, அரண்மனைக் கோமாளி அப்படிச் சொல்கிறான், எது உண்மையோ என்பார். அதில் ஏமா ராணி பிரசவத்தில் இறந்தாள், பிள்ளையும் ஒரு நாளில் போய்விட்டது என்று சுருக்கமாக முடிந்துவிடும். திண்ணைவாசி கேட்ட அதே ஒற்றை வசனம்தான்! படிக்கும்போது நான் அதைக் கவனிக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். ஏமா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே மறந்துபோயிருந்தது.

தொடர் எழுதியவர்கள் அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள். வயிற்றைக் கிழிக்கலாமா என்று ராஜாவிடம் வைத்தியர் ரகசியமாகக் கேட்பதும் அவர் சரி என்பதும் புத்தகத்தில் கிடையாது. ராஜாவை இப்படி ஒரு முடிவெடுக்க வைத்ததால்தான் அதன் பிறகு அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கிறது. டேமன் தாசி வீட்டில் உட்கார்ந்துகொண்டு செத்த குழந்தையை 'ஒரு நாள் வாரிசு' என்று கிண்டல் செய்தான் என்றதும் அவருக்கு அவ்வளவு கோபம் ஏன் வருகிறது? அந்த ஒரு நாள் வாரிசுக்காகத்தான் மனைவியைக் கொன்றிருக்கிறார். தம்பியின் வாயிலிருந்து வந்தாலும் குத்துவது அவரை அல்லவா.

அதனால்தான் பிராயச்சித்தம் மாதிரி மகளை வாரிசாக்குகிறார் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் மீதி வெறும் அரசியல் கணக்கு. கடுப்புசாமி அண்ணாவுக்குத்தான் அரசியல் கணக்கு போரடிக்கிறதே.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், போட்டியோடு மாற்றி மாற்றி வெட்டியது கொஞ்சம் அதிகம்தான். பிரசவப் படுக்கைதான் நம்முடைய போர்க்களம் என்று ஏமா மகளிடம் முன்பே சொல்லிவிட்டாள், பார்க்கிறவர்களுக்கு அது நினைவிருக்காதா என்ன? படம் போட்டு விளக்க வேண்டுமா?

இரவுப்பணி

பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் காட்சியைப் பற்றி எங்கள் வார்டிலேயே இரண்டு கட்சி.

வைத்தியம் சரியா என்று கேட்டால், பெரும்பாலும் சரி. குழந்தை தலை கீழே இல்லாமல் பிரீச் ஆக இருக்கிறது, திருப்பிப் பார்த்தும் திரும்பவில்லை. இன்று இது எங்களுக்குத் தினசரி விஷயம், ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவோம், ஒரு மணி நேரத்தில் தாயும் பிள்ளையும் வெளியே வருவார்கள். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. வயிற்றைக் கிழிப்பது என்பதே செத்துப்போன, அல்லது சாகப்போகிற தாயிடமிருந்து பிள்ளையை எடுக்கத்தான். டிராகன் இருக்கும் கற்பனை உலகம் என்று விட்டுவிட வேண்டாம், 1865-ல் பிரிட்டன், அயர்லாந்து கணக்கில் சிசேரியன் செய்த தாய்மார்களில் 85 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். கர்ப்பப்பையைத் தைக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள், ரத்தப்போக்கிலும் சீழிலும் போய்விடுவார்கள். உள்ளே போடும் தையலை எடுக்க முடியாது, அது இன்னும் கெடுதல் என்று நினைத்தார்கள். 1882-ல் ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்பவர் கர்ப்பப்பையைத் தைத்தே ஆக வேண்டும் என்று எழுதிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

ஆக ஒருவரை இழக்கலாம், இல்லாவிட்டால் இருவரையும் இழக்கலாம் என்று அந்த வைத்தியர் சொன்னது பொய் இல்லை.

என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது கத்தி இல்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை. ராஜா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார், குழந்தையை வெளியே எடுக்கப் போகிறார்கள், பயப்படாதே என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கை காலைப் பிடித்து இழுத்து நேராகப் படுக்கவைக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டினால் கணவரோ மாமியாரோ கையை நீட்டுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், படுத்திருப்பவள் சுயநினைவோடு அங்கேயேதான் இருப்பாள். அதனால் இந்தக் காட்சி வேண்டுமா என்றால் எனக்கு வேண்டும். முன்பு குளியல் தொட்டியில் அவள் கணக்குச் சொல்கிறாள், கவனித்தீர்களா? தொட்டிலில் ஒன்று போனது, இறந்தே பிறந்தது இரண்டு, பாதியில் கலைந்தது இரண்டு, ஆக ஐந்து, பத்து வருஷத்தில். இதுதான் கடைசி என்கிறாள். மகன் பிறப்பதாகக் கனவு கண்டேன் என்று அவர் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

திண்ணைவாசி, உங்கள் மனைவி எழுந்து போனதில் ஒரு தப்பும் இல்லை. குழந்தை பெற்று ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்படி ஒரு காட்சி வருகிறது என்று தொடக்கத்திலேயே தெளிவாக எச்சரித்திருக்கலாம், அந்தக் குறை எனக்கும் உண்டு.

திண்ணைவாசி

இரவுப்பணி, நன்றி. அவளிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். கத்தியைப் பார்த்து அவள் எழவில்லையாம், ராஜா தலையாட்டினார் பாருங்கள், அங்கேயே எழுந்துவிட்டாளாம்.

சரி, அப்புறம் ஒரு அடிப்படைச் சந்தேகம். யாருக்கு யார் என்ன உறவு? அந்தக் கருப்புக் கப்பல்காரர் கோர்லிஸின் மனைவி ரெய்னிஸ், அவர் ஏன் ராணி ஆகவில்லை, ராஜாவுக்கு அவர் யார்? ரெய்னிஸ், ரெய்னீரா, எல்லாம் ஒரே பெயராகக் காதில் விழுகிறது.

நூலகப்பூனை

இது நம் ஊர் முறையில் சொன்னால் சுலபம்.

ஜெஹேரிஸ் என்று கிழட்டு ராஜா, தொடக்கத்தில் தளர்ந்துபோய் உட்கார்ந்திருப்பாரே, அவர் தாத்தா. அவருக்கு மூத்த மகன் ஏமன், இளையவன் பேலன். ஏமனின் ஒரே மகள் ரெய்னிஸ். பேலனின் மகன்கள் விசேரிஸும் டேமனும். ஆக ரெய்னிஸ் விசேரிஸுக்குப் பெரியப்பா மகள், அக்கா முறை. மூத்தவர் வழி வாரிசு அவள்தான், ஆனால் பெண். ஏமன் இறந்ததும் தாத்தா பேத்தியைத் தாண்டி இளைய மகனைப் பட்டத்து இளவரசன் ஆக்கினார், அவனும் இறந்தான். பிறகுதான் ஹாரன்ஹால் கோட்டையில் அந்தப் பெரிய சபை. 14 பேர் உரிமை கேட்டு வந்தார்கள், கடைசியில் விசேரிஸுக்குப் போனது. ஒரு சின்ன வித்தியாசம், புத்தகத்தில் அந்தச் சபையில் கடைசிப் போட்டி ரெய்னிஸின் சின்ன மகனுக்கும் விசேரிஸுக்கும். தொடரில் ரெய்னிஸையே நிறுத்திவிட்டார்கள். நல்ல மாற்றம் என்பேன். ரெய்னீராவுக்கு எல்லோரும் மண்டியிட்டுச் சத்தியம் செய்யும்போது இந்த அம்மாவின் முகம் நமக்கு நினைவுக்கு வர வேண்டும் அல்லவா.

டேமன் ரெய்னீராவுக்குச் சொந்தச் சித்தப்பா. அந்த எஃகு ஆரத்தைக் கழுத்தில் மாட்டிவிடும்போது இருவரும் நிற்கிற விதம் உங்களுக்கு நெருடியிருந்தால் உங்கள் வளர்ப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனி வேடிக்கை. செத்துப்போன ஏமா, ராஜாவின் அப்பா கூடப்பிறந்தவளின் மகள். அத்தை மகள், அசல் முறைப்பெண், நம்மவர்கள் பத்திரிகை அடித்துவிடுவார்கள். ஆனால் விசேரிஸின் அப்பாவும் அம்மாவுமே உடன்பிறந்தவர்கள், டார்கேரியன் குடும்ப வழக்கம் அப்படி. அதனால் அதே அத்தை அம்மா வழியில் சித்தி. ஏமா ஒரு பக்கம் முறைப்பெண், இன்னொரு பக்கம் தங்கை. என் பாட்டியிடம் இந்தக் குடும்பத்தைச் சொன்னால் டிவியை அணைக்கச் சொல்வாள்.

மொட்டைமாடி

எல்லோரும் பிரசவக் காட்சியைப் பேசுகிறீர்கள், எனக்கு நெஞ்சில் நின்றது அதற்கு அடுத்தது. மலைச்சரிவில் சிதை. துணி சுற்றிய உடல் பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னது ஒன்று. எரிக்கச் சொல்லி டிராகனுக்குக் கட்டளையிட வேண்டியவள் மகள். அவளால் முடியவில்லை. டேமன் பக்கத்தில் வந்து நிற்கிறான். தம்பி உயிரோடு இருந்த அந்தச் சில மணி நேரமாவது அப்பா சந்தோஷமாக இருந்திருப்பாரா என்கிறாள். அப்பாவுக்கு நீதான் இப்போது வேண்டும் என்று அவன் வலேரிய மொழியில் சொல்கிறான். பிறகு டிரகாரிஸ், டிராகனை நெருப்புக் கக்கச் சொல்லும் சொல். பழைய தொடரில் டெனேரிஸ் அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் நாம் விசிலடித்தோம், இதில் அதே சொல் தொண்டையை அடைக்கிறது. மில்லி அல்காக் என்ற அந்தப் பெண்ணை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, ஆஸ்திரேலியப் பெண்ணாம். கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

கனவு விஷயத்துக்கு வருகிறேன். திண்ணைவாசியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். இந்த வம்சத்தின் முதல் ராஜா ஏகான் வெஸ்டரோஸ் நாட்டைப் பிடித்தது ஆசைக்காக இல்லை, வரப்போகும் இருளிலிருந்து உலகத்தைக் காப்பாற்ற என்று சொல்லும்போது, படையெடுத்து ஊரை எரித்தவனுக்கு ஒரு நல்ல சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அந்த இருள் கடைசியில் என்ன ஆனது? பழைய தொடரில் ஆர்யா என்ற பெண் ஒரு கத்தியால் குத்தினாள், நொறுங்கிப் போனது, டார்கேரியன் அரியணையில் இருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவ்வளவு பெரிய ரகசியத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது இதற்கா? மார்ட்டினே இதை எங்களிடம் சொன்னார் என்று தொடரை எழுதும் ரயன் காண்டல் சொல்லியிருக்கிறார், சொல்லட்டும். எனக்கு அது பழைய தொடரோடு முடிச்சுப் போட வைத்த வசனமாகத்தான் கேட்டது.

நூலகப்பூனை

இருந்தாலும் அந்தக் கனவை ராஜா நம்புகிறார் என்பதுதான் முக்கியம், மொட்டைமாடி. அது பலிக்குமா என்பது வேறு கேள்வி. டேமனிடம் அந்த ரகசியத்தைச் சொல்லவில்லை, தம்பியை ஒருநாளும் உண்மையில் வாரிசாக நினைக்கவில்லை என்று அதிலேயே தெரிகிறது. பேலேரியன் என்ற பழைய டிராகனின் மண்டை ஓட்டின் முன்னால், மெழுகுவர்த்திகள் நடுவில் மகளை நிறுத்திச் சொல்கிறாரே, உன்னை வாரிசாக எண்ணாமல் இத்தனை வருஷம் வீணடித்துவிட்டேன் என்கிற முகம் அது. கனவுகளை நம்பி முடிவெடுக்கிற ராஜா என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. மகன் கனவை நம்பியவரும் இவர்தானே.

கடுப்புசாமி

நர்ஸ் அம்மா எழுதியதைப் படித்தேன். அதிர்ச்சிக்காக வைத்தது என்று சொன்னதிலிருந்து நான் இறங்கவில்லை, ஆனால் அதிர்ச்சியைத் தவிர ஒன்றும் இல்லை என்ற பாதியை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன்.

விக்கில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று யாருமே பேசவில்லை. ராணியின் சிதை அணைந்து எத்தனை நாள் ஆகியிருக்கும், ராஜாவின் தலைமை ஆலோசகன் ஓட்டோ ஹைடவர் தன் மகளைக் கூப்பிட்டு ராஜாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வா, உன் அம்மாவின் உடைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போ என்கிறான். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவில்லை. அந்தப் பெண் அலிசென்டுக்குப் புரிகிறது, ஆனால் புரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் கையில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். ராஜாவோ வலேரியா நகரத்தின் சின்னச் சின்னக் கல் பொம்மைகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவள் ரெய்னீராவின் உயிர்த்தோழி. ஒரு சொட்டு ரத்தம் இல்லை அந்தக் காட்சியில். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது.

இரவுப்பணி

அண்ணா, இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்! எங்கள் வார்டில் இரண்டு கட்சி என்றேனே, இதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அந்த ஓட்டோவாக நடித்த ரீஸ் இவான்ஸை யாராவது எங்கேயாவது பார்த்தால் ஒரு அறை விடத் தோன்றுகிறது என்று எங்கள் சீனியர் சிஸ்டர் சொன்னார், நடிகருக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்.

திண்ணைவாசி

சரி, இரண்டாவது எபிசோடைப் பார்ப்பதாக முடிவு. மனைவியும் பார்க்கிறேன் என்கிறாள், ஒரு நிபந்தனையோடு: நான் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு எந்த இடத்தில் ஓட்டிவிட வேண்டும் என்று சொல்ல வேண்டுமாம். திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கதையைச் சொல்லாமல், எத்தனாவது நிமிடம் என்று மட்டும் இங்கே போட்டுவிடுங்கள்.